அப்பா கட்டிய பூப்பொட்டலம்

எங்கள் அப்பாவுக்குச் சாமி கிடையாது. இதை அவர் மேடை போட்டுச் சொன்னதில்லை. கறுப்புச் சட்டை போட்டதில்லை, சாமி கும்பிடுகிறவர்களிடம் வம்புக்குப் போனதும் இல்லை. பட்டாளத்தில் இருந்த வருஷங்களில் எங்கோ ஒரு பனிமலையில் சாமியை விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று அம்மா சொல்வாள். அங்கே என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணும் நடக்கல. அதான் விஷயம்" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஊருக்குத் திரும்பியதும் தென்காசியில் மோட்டார் பம்பு பழுது பார்க்கிற கடை வைத்தார். கடை வாசலில் நின்றால் விசுவநாதர் கோயில் கோபுரம் நேரே தெரியும். போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர் குனிந்து மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். தெரியாது என்பதைவிடப் பிடிக்காது என்பது சரி. தேறாத மோட்டாரைக் கொண்டுவந்தால், "இதுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி, தூக்கித் தூரப் போடுங்க" என்று திருப்பி அனுப்புவார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "மூத்தவ கோவக்காரி. கொழம்புல உப்புக் கூடிட்டுன்னா தட்டத் தூக்கிட்டுப் போயிருவா. பெறகு சொல்லலன்னு வருத்தப்படக் கூடாது" என்றார். அந்த இடம் தட்டிப்போயிற்று. அடுத்த இடம் வந்தபோது அம்மா அவரை ஏதோ சாமான் வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டாள். அந்தக் கல்யாணம் நடந்தது. சில வருஷங்களில் முடிந்தும் போனது. நான் என் பெட்டியோடு திரும்பி வந்து, கலெக்டர் ஆபீசில் ஒரு வேலையோடு அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஒருமுறைகூட அவர், "நான் அப்பவே சொன்னேன்" என்று சொன்னதில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சின்ன வயதில் ஒரு நாள், தப்புச் செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களே, சாமியே இல்லையென்றால் நீங்கள் ஏன் தப்புச் செய்வதில்லை என்று அவரிடம் கேட்டேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சாமி கும்பிடுதவனுக்கு அருவியில குளிச்சாத் தீந்துரும், மொட்டை போட்டாத் தீந்துரும். நமக்கு அந்த வழி கெடையாதுட்டி. செஞ்சாச் செஞ்சதுதான். அதனால பாத்துச் செய்யணும்." அப்போது எனக்கு இது புரியவில்லை. பின்னால் புரிந்தபோது, புரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

அம்மாவுக்கு எல்லாமே பண்பொழி முருகன்தான். மாதம் தவறாமல் கார்த்திகைக்கு அவன் இருக்கிற திருமலைக்குப் போவாள். அப்பாதான் வண்டியில் கூட்டிக்கொண்டு போவார். மலையடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அவள் படியேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கி வருவாள். கையில் இருக்கும் பஞ்சாமிர்தத்தை நீட்டுவாள். அதை அவர் தின்பார், விபூதி வேண்டாம் என்பார். இதை வைத்து அவர்களுக்குள் ஒரு நாள் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. என் தங்கை அம்மாவைக் கொண்டு பிறந்தவள். சஷ்டிக்கு விரதம், செவ்வாய்க்கு விளக்கு, எதையும் விடமாட்டாள். எனக்குச் சாமி உண்டா என்று கேட்டால், ஆபத்து வருகிற நாளில் உண்டு, மற்ற நாளில் தெரியாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் என்று நினைக்கிறேன், அவர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருநெல்வேலியில் பார்த்த டாக்டர் இருதய வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். செய்தால் ஆபத்து உண்டு, பிழைத்தால் பல வருஷம் இருக்கலாம். செய்யாவிட்டால் கொஞ்ச காலம்தான். எதையும் மறைக்காமல் நிதானமாகச் சொன்னார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தங்கையும் புகுந்த ஊரான சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்து சேர்ந்த பிறகு சொன்னாள்.

"மலையில பூக்கட்டிப் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்லுவேன். இவ்வளவு பெரிய காரியத்த அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிச் செய்ய?"

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கம் புதிதல்ல. கல்யாணம், கிணறு, கோர்ட்டுக் கேசு என்று எல்லாவற்றுக்கும் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. சாமி காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டி, விவரம் தெரியாத குழந்தை ஒன்றைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கிடையாது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "செவப்பு வந்தா என்ன செய்யப் போற?" என்றேன்.

"வந்தா இங்கனயே இருக்கேன். அவன் கூப்பிடும்போது போறேன்."

சொன்னால் செய்கிறவள். சிவப்பு வந்துவிட்டால் டாக்டர் என்ன, நாங்கள் மூன்று பேரும் காலில் விழுந்தாலும் அவளை அசைக்க முடியாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தங்கை, பூவை நானே கட்டுகிறேன் என்றாள். அம்மா வேண்டாம் என்றாள்.

"நீ பாசத்துல எதையாச்சும் மாத்தி வச்சிருவ. உங்கக்கா கோவத்துல மாத்திருவா. உங்கப்பா கட்டட்டும். அவியளுக்குச் சாமியுங் கெடையாது, பொய்யுங் கெடையாது. அந்தக் கையில கள்ளம் இருக்காது."

சாமி இல்லை என்கிற மனிதர் கையால் சாமிக்குப் பூக்கட்டுவதா என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அம்மா கணக்கில் அது சரியாகவே இருந்தது. அப்பா "சரி" என்றார்.

மறுநாள் காலையில் கோயில் வாசல் பூக்கடையில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கிவந்தார். தன் கடைக்குள் போய் வாழையிலைத் துண்டில் வைத்து நாரால் கட்டிக்கொண்டு வந்தார். மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டிப் பழகிய கை. இரண்டு பொட்டலமும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

படியேற அம்மாவால் முடியாது. காரில் மலைப்பாதை வழியாக மேலே போனோம். அப்பா வழக்கம்போல அடிவாரத்தில் டீக்கடையில் இறங்கிக்கொண்டார். குருக்கள் பொட்டலங்களை வாங்கி வைத்தார். தீபாராதனை முடிந்ததும், வரிசையில் யாரோ தூக்கிவைத்திருந்த பெண்குழந்தையைக் கூப்பிட்டார்கள். அது இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்தது. பிரித்தால் வெள்ளை. அம்மா அழுத அழுகையை என்னால் சொல்ல முடியாது. அவளும் உயிரோடு இருக்க ஆசைப்பட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

மற்றப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்கிற வழக்கம் சிலரிடம் உண்டு. தங்கை அதற்குக் கையை நீட்டினாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். "உங்கப்பா கட்டுனதப் பிரிச்சு வேற பாக்கணுமோ?" என்று அதை அப்படியே வாங்கிக் கோயில் சுனையில் போட்டுவிட்டாள்.

கீழே வந்ததும் அப்பா எழுந்து நின்று "என்ன?" என்றார். "உத்தரவு ஆயிட்டு" என்றாள் அம்மா. "நல்லது" என்று சொல்லிவிட்டு டீக்கிளாசைக் கொடுக்கப் போனவர், கடைக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டே நின்றார். நாங்கள் ஹாரன் அடித்த பிறகுதான் வந்தார்.

ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்க்க எனக்கே பொறாமையாக இருந்தது. அதே ஆபரேஷனுக்குக் காத்திருந்த மற்றவர்கள் தூங்காமல் சாப்பிடாமல் கிடந்தார்கள். இவள் பக்கத்துக் கட்டிலுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகும்போது அப்பாவின் கையைப் பிடித்து, "நல்ல கையால கட்டிக் குடுத்தீங்க. எனக்கென்ன பயம்?" என்றாள். கதவு மூடுகிற வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

கண் விழிக்கவில்லை. சில நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

துட்டி கேட்க வந்தவர்களுக்கு இந்த உத்தரவுக் கதை எப்படியோ தெரிந்துபோயிற்று. ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். "முருகனே உத்தரவு குடுத்துக் கூப்பிட்டுக்கிட்டான், எத்தனை பேருக்குக் கெடைக்கும்?" என்று ஒரு சித்தி சொன்னாள். மூலையில் கிடந்த தங்கை எழுந்து உட்கார்ந்தாள்.

"கூப்பிட்டுக்கோன்னு நான் கேக்கல. பொழைக்க வையின்னு கேட்டேன். சரின்னு சொல்லி வரவச்சுக் கொன்னுட்டான்."

கூடத்தில் இருந்த அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

தங்கையின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் வடக்கே இருக்கிறார். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். சுந்தரபாண்டியபுரத்து வீட்டில் அவளும் அவளுடைய மாமியாரும் மட்டும்தான். அந்த அம்மாள் பக்கவாதம் வந்து பல வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறாள், பேச்சும் குழறிப்போயிற்று. தங்கை அவளுக்குச் செய்த பணிவிடையைப் பார்த்து நான் வாயைப் பிளந்திருக்கிறேன். குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, பவுடர் போட்டு, விபூதி இட்டு, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் தன் வாயில் பச்சைத் தண்ணீர் விடுவாள். "எப்படிட்டி செய்யுத?" என்று கேட்டால், "அத்தைக்கா செய்யுதேன்? அவனுக்குச் செய்யுதேன்" என்று பூஜை அறைப் பக்கம் கையைக் காட்டுவாள். எனக்கு அது கொஞ்சம் இடிக்கும். அந்தக் கிழவிக்காகச் செய்தால் என்ன என்று நினைப்பேன். ஆனால் கிழவி சுத்தமாகக் கிடந்தாள், அதனால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

அம்மா போன பிறகு தங்கை சாமி படங்களை எல்லாம் கழற்றிச் சாக்கில் கட்டி வைக்கோல் கொட்டகையில் போட்டாள். விளக்கேற்றுவதை நிறுத்தினாள். அதெல்லாம் அவள் பாடு. ஆனால் மாமியாரையும் விட்டுவிட்டாள். வேண்டுமென்று கொடுமை ஒன்றும் செய்யவில்லை. சோறு வைப்பாள். ஊட்டமாட்டாள். துணி நனைந்து கிடந்தால் மாற்றத் தோன்றினால் மாற்றுவாள், இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து வயலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டால், "ஒழுங்கா இருந்து என்னத்தக் கண்டோம்?" என்பாள்.

ஒரு நாள் நான் அவளைப் பிடித்துக் கத்தினேன். "அப்பாவுக்கும்தான் சாமி இல்ல. அவரு இப்படியா இருக்காரு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "அவருக்குச் சாமி இல்ல. எனக்கு இருந்து ஏமாத்திட்டான். ரெண்டும் ஒண்ணாக்கா?"

சாமி இல்லாமலே வளர்ந்த ஒழுக்கம் வேறு, சாமியை நம்பி நின்ற ஒழுக்கம் வேறு. அவளுக்கு அடித்தூணே அதுதான். உருவிவிட்டால் வீடு எப்படி நிற்கும்?

நான் பார்த்ததை அப்பாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அவர் மறுநாளே கிளம்பு என்றார்.

சூரியகாந்தி பூத்திருந்த நேரம். ரோட்டோரம் முழுக்கக் கேரளா வண்டிகள். சனங்கள் வயலுக்குள் இறங்கிப் பூவோடு பூவாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கை வீட்டு வாசலில் ஏறும்போதே நாற்றம் அடித்தது. உள்ளே அந்த அம்மாள் நனைந்த துணியில் கிடந்தாள். அப்பாவைப் பார்த்ததும், சேலையை இழுத்து மூடக் கை வராமல், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சம்பந்தி முன்னால் அப்படிக் கிடக்க நேர்ந்த அந்த வெட்கம் என்னால் தாங்கக்கூடியதாக இல்லை. அப்பா அடுப்படிக்குப் போய் வெந்நீர் போட்டார். நான்தான் துடைத்தேன். புரட்டியபோது முதுகில் புண் வைத்திருந்தது. வெந்நீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டார். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். நான் வேலையை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது தங்கைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "அன்னைக்கு மலையில வந்த உத்தரவு சாமி குடுத்தது இல்ல. நான் குடுத்தது. ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளதான் வச்சுக் கட்டுனேன்."

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"செவப்பு?"

"கட்டவே இல்ல. அரளியச் சித்தாத்துத் தண்ணியில போட்டுட்டேன். செவப்பு வந்திருந்தா அவ ஒத்துக்கிட்டிருக்க மாட்டா. பயந்துட்டேன். செஞ்சுட்டேன்."

தங்கை என்ன செய்வாள் என்று நான் நினைத்தேனோ, அதை அவள் செய்யவில்லை. அவள் முகம் தெளிந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயமாகவே இருந்தது. "அப்ப அவன் சொல்லலியா?" என்றாள். "அவன் பொய் சொல்லலியா? எஞ்சாமி, நாந்தான் ஒன்ன ஏசிட்டேனா?" தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எழுந்து கொட்டகைக்கு ஓடிச் சாக்கை இழுத்துவந்து, கூடத்து நடுவில் வைத்து, படங்களை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையால் துடைத்தாள். நானும் அப்பாவும் அங்கே இருப்பதையே மறந்துவிட்டாள். எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிய பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

"வெளிய போங்க. இனிமே இந்த வீட்டு நடையில ஏறாதீங்க. எங்கம்மாவக் கொன்னது நீங்க."

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார் என்று அந்த எழுந்திருப்பிலேயே தெரிந்தது.

பஸ் ஏறித் தென்காசி வந்து இறங்கியதும் நடுரோட்டில் வைத்துக் கேட்டேன். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை, நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அங்கன ஒருத்தி புழுத்துக் கெடக்கா. பாத்தல்லா?"

"வேற ஏதாவது சொல்லியிருக்கலாம். வேலைக்கு ஆள் வச்சிருக்கலாம்."

"ஆள் வைக்கலாம். ஒன் தங்கச்சிய என்ன செய்ய? அவளுக்குச் சாமி வேணும்ட்டி. நான் எடுத்தத நாந்தான் திருப்பிக் குடுக்கணும்."

"எப்படியும் ஆபரேஷன் செய்யலன்னா அம்மா போயிருப்பா. நீங்க செஞ்சதுல என்ன கொலை இருக்கு?"

"அது கணக்கு" என்றார். "சாகப்போறேனா பொழைக்கப்போறேனான்னு அவ ஒருத்தன்கிட்டக் கேக்க நெனச்சா. நடுவுல நான் புகுந்து பதில் சொல்லிட்டேன். நல்ல கைன்னு வேற சொல்லிட்டுப் போனா."

அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில், துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கு அவரைத் தேற்ற வழி தெரியவில்லை. நம்புகிறவராக இருந்தால் காசிக்குப் போங்கள், ராமேசுவரத்துக்குப் போங்கள் என்று சொல்லலாம். மன்னிக்க வேண்டியவள் சாம்பலாகிவிட்டாள். இன்னொருத்தி வாசலை அடைத்துவிட்டாள். அதற்கு மேல் முறையிட அவருக்கு ஆள் இல்லை.

சில வாரம் கழித்து நான் சுந்தரபாண்டியபுரம் போனேன். மாமியார் எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு, நெற்றி நிறைய விபூதியோடு, வெள்ளை வெளேரென்று படுக்கையில் கிடந்தாள். முதுகுப் புண் காய்ந்துவந்தது. பூஜை அறையில் விளக்கு எரிந்தது. தங்கைக்குச் சிரிப்புகூடத் திரும்பியிருந்தது. அப்பா சொன்ன ஒரே ஒரு பேச்சில் இவ்வளவும் நடந்திருந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "சம்பந்தியம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டார். தங்கையைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் போய்வரும்போதெல்லாம் அந்த ஒரு கேள்விதான். நல்லாயிருக்கா என்றால் தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குள் போய்விடுவார். கடையிலும் இப்போது பெரிதாக வேலை இல்லை. கோபுரம் இருக்கிற திசையில் முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த சாரல் காலம் வந்தது. தங்கை என்னைக் குற்றாலத்துக்கு வரச்சொன்னாள். எங்கள் வீட்டுக்கு அவள் வரமாட்டாள், அதனால் நாங்கள் பார்த்துக்கொள்வதே இப்படி வெளியிடத்தில்தான். பேரருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். நெருக்கியடித்துத் தலையை நனைத்துவிட்டு, ஈரச்சேலையோடு வெளியே வந்து நடுங்கிக்கொண்டு நின்றோம். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, அருவிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னாள்.

"அக்கா, நானும் கல்லு இல்ல. தெனமும் அவரு பேருக்கும் சேத்துத்தான் கும்பிடுதேன். மலைக்கு வந்து அவன் முன்னால நின்னு, ஒன் பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுருன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. மனசுக்குள்ளயே சொன்னாப் போதும். அன்னைக்கே நம்ம வீட்டுக்கு வாரேன். அவருக்கு என் கையால ஆக்கிப் போடுதேன். அவனே மன்னிச்ச பெறகு நான் யாரு மன்னிக்காம இருக்க?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அருவித் தண்ணீர் இல்லை. அவளுக்கு அப்பா வேண்டும். ஆனால் வழி அந்த ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இவ்வளவுதானே என்று நினைத்தேன். அங்கிருந்து ஆட்டோ பிடித்து நேரே கடைக்குப் போனேன், தலைகூடக் காயவில்லை.

அப்பா முழுவதையும் கேட்டார். முகம் மலர்ந்த மாதிரி இருந்தது, உடனே அணைந்துவிட்டது.

"முடியாதுட்டி" என்றார்.

"ஏன் முடியாது? மலைக்குக் கார் போகுது. ரெண்டு நிமிசம் நிக்கணும். வாயத் தொறக்கக்கூட வேண்டாம். அவ அழுதாப்பா."

"நான் தப்பு செஞ்சது ஒங்கம்மாகிட்ட. பெறகு அவகிட்ட. அவகிட்டச் சொல்லியாச்சு. ஒங்கம்மா கேக்கமாட்டா. மலையில இருக்கவன்கிட்ட நான் ஒண்ணும் செய்யலியே."

"செய்யலன்னே வச்சுக்கிடுங்க. பெத்த மகளுக்காக ஒரு கும்பிடு போட்டா என்ன கொறஞ்சிரும்? கல்லுதானே உங்களுக்கு? கல்லு முன்னால நிக்கதுக்கு என்ன?"

அவர் குரலில் கோபமே இல்லை.

"இல்லாதவன் பேரச் சொல்லி வீட்டுல ஒருத்திய ஏமாத்தியாச்சு. இப்ப மறுபடியும் அதையே இவளுக்கும் செய்யச் சொல்லுதியா?"

நான் கத்தினேன். பிடிவாதக்காரர் என்றேன். நேர்மை நேர்மை என்று சொல்லிக் கடைசியில் அனாதையாகக் கிடந்து சாகப்போகிறீர்கள் என்றேன். சொல்லக் கூடாததுதான், சொல்லிவிட்டேன். "கெடக்கேன்" என்றார். ஒரு மோட்டாரை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தார். ஸ்பானர் நழுவிக்கொண்டே இருந்தது.

இது நடந்து சில மாதம் ஆகிறது. தங்கை இன்னும் கார்த்திகை தவறாமல் மலைக்குப் போகிறாள், அவர் பேருக்கு அர்ச்சனை செய்து பிரசாதத்தை என்னிடம் கொடுத்துவிடுகிறாள். பஞ்சாமிர்தத்தை மட்டும் அவர் சாப்பிடுகிறார். ஒருத்தி சாமி இருக்கிறான் என்கிறாள், ஒருத்தர் இல்லை என்கிறார், இரண்டு பேரும் கொஞ்சமும் இறங்கமாட்டார்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சலாக வருகிறது. இந்த வீட்டில் சாமியும் இல்லாமல் கொள்கையும் இல்லாமல் இருக்கிறவள் நான் ஒருத்திதான். சுந்தரபாண்டியபுரத்துக்குப் போய், அப்பா மலைக்கு வந்து மனசுக்குள் சொல்லிவிட்டார், நானே கூட நின்று பார்த்தேன் என்று கூசாமல் சொல்லிவிடுவேன். அவள் நம்புவாள். அன்றைக்கே பஸ் ஏறி வருவாள். அப்பா சாவதற்குள் அவள் கையால் ஒரு வாய் சாப்பிடுவார். பல தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அவரிடம், "அப்பா, மலைக்குப் போனீங்களா?" என்று கேட்பாள். அவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.